வாளையாருக்கு அப்பால் தொழில் தொடங்கும் இளைஞர்: மாநில எல்லை எந்தெந்தத் தாள்களில் ஓடுகிறது?

பொள்ளாச்சி, ஆனைமலை, கம்பம், போடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேரளத்துக்குள் சிறு ஆலையோ கடையோ போடப் போகிறேன் என்று சொன்னால், ஊரில் அவருக்கு நேர் எதிரான இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "செக்போஸ்ட்டையே எடுத்துவிட்டார்கள், இனி எங்கும் ஒரே வரிதான், தைரியமாகப் போ" என்பது ஒன்று. "வெளியூர்க்காரன் என்று ஒதுக்கிவிடுவார்கள், லைசென்ஸ் கிடைக்காது" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுதாக நம்பித்தான் பலர் போட்ட முதலை இழக்கிறார்கள்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. கோவை–பாலக்காடு சாலை எல்லையான வாளையாரில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அத்தோடு முடிந்தது. ஆனால் சாலையில் இருந்த அந்தக் கோடு பில்லுக்குள்ளும், வாடகைப் பத்திரத்துக்குள்ளும், கடன் மனுவுக்குள்ளும் குடிபெயர்ந்துவிட்டது. எந்தத் தாளில் கோடு இருக்கிறது, எதில் இல்லை என்பதைத் தொழில் தொடங்கும் முன்பே தெரிந்துகொண்டவருக்கு எல்லை ஒரு சாதகம். தொடங்கிய பிறகு தெரிந்துகொள்பவருக்கு அது செலவு.

விளக்கத்துக்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்வோம். ஆனைமலையைச் சேர்ந்த 25 வயது இளைஞர் ஒருவர் மரச்செக்கில் தேங்காய் எண்ணெய் ஆட்டிப் பாலக்காடு மாவட்டத்தில் விற்க விரும்புகிறார். செக்கை ஆனைமலையிலேயே போடலாம். எல்லைக்கு அப்பால் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தும் போடலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஆனால் எந்தப் பக்கம் போடுகிறார் என்பதை ஒட்டி அவருடைய கணக்கு முழுவதும் மாறுகிறது.

உரிமை எங்கிருந்து வருகிறது

ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்தில் தொழில் செய்வதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கவும், எந்தத் தொழிலையும் மேற்கொள்ளவும் உரிமை தருகிறது. 301ஆம் பிரிவு நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. ஆகவே "லைசென்ஸ் கிடைக்காது" என்ற அச்சத்துக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை.

இந்த எல்லையே அண்மைக் காலத்தது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டம் பாலக்காட்டோடு சேர்ந்து கேரளத்துக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மூணாறு, குமுளி ஆகிய இடங்களில் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கடைத்தெருவில் நம் இளைஞர் அந்நியராக உணரமாட்டார். அந்நியராவது அரசின் சலுகைகளைக் கேட்கும்போதுதான்.

சலுகைகள் மூன்று வகை. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் குழப்பிக்கொள்வதே முதல் தவறு.

1. மனிதரைப் பின்தொடர்பவை. பான் எண், ஆதார், வங்கிக் கடன் வரலாறு, முத்ரா போன்ற மத்திய அரசுக் கடன் திட்டங்கள் இவ்வகை. எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

2. தொழில் நடக்கும் இடத்தோடு ஒட்டியவை. தமிழ்நாட்டின் நீட்ஸ், உய்ஜெப் ஆகிய மானியக் கடன் திட்டங்கள் தமிழ்நாட்டில் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே. செக்கைக் கொழிஞ்சாம்பாறையில் போட்டால், ஆனைமலையில் பிறந்ததைக் காட்டி இவற்றைக் கேட்க முடியாது.

3. பிறந்த மாநிலத்தோடு ஒட்டியவை. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்ற தகுதி மாநிலவாரியாக அறிவிக்கப்படுகிறது. ஒரு மாநிலத்தில் அத்தகுதி உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலம் தன் பட்டியல் மக்களுக்குத் தரும் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும், பின்னர் 2018இல் அரசமைப்பு அமர்விலும் தெளிவாக்கியுள்ளது. இரு மாநிலப் பட்டியலிலும் அதே சாதிப் பெயர் இருந்தாலும் நிலைமை இதுதான். இதனால் பாதிக்கப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் கையில் மிகக் குறைந்த முதலோடு வருபவர்கள் என்பதால், கடன் மனு எழுதும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜிஎஸ்டி: கோடு மிக ஆழமாக ஓடும் தாள்

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. அடுத்த பத்தும் தொழில்முனைவோரின் பான் எண். ஒரு பில்லைக் கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியது இந்த முதல் இரண்டு இலக்கங்களைத்தான். விற்பவர் எண் 33இல் தொடங்கி, சரக்கு போய்ச்சேரும் இடம் கேரளமாக இருந்தால், அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. சட்டம் அதைத் தனி வகையாக நடத்துகிறது.

வெறும் பொருள் விற்பனை மட்டும் செய்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை என்பது பலருக்கும் தெரியும். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றிலும் இதே வரம்பு. ஆனால் இந்த விலக்கு, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு உரியது. வரிக்கு உட்பட்ட பொருளை எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஆனைமலையில் ஆட்டிய 20 லிட்டர் எண்ணெயைப் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் உள்ள ஒரு மளிகைக் கடைக்கு அனுப்பினாலும் இதுதான் விதி.

இங்கே ஒரு குழப்பம் தலைமுறை வழியாக வருகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் குடும்பங்களும், பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் அனுப்பும் குடும்பங்களும் ஜிஎஸ்டி எண் இல்லாமலே தொழில் செய்வதை இளைஞர்கள் பார்த்து வளர்கிறார்கள். அது சட்டப்படி சரியே. பச்சைக் காய்கறிக்கும் தேங்காய்க்கும் வரியில்லை; வரியில்லாப் பொருளை மட்டும் விற்பவர் பதிவு எடுக்க வேண்டாம். அதே தேங்காய் கொப்பரையாகிவிட்டால் 5 சதவீத வரி. எண்ணெயாகிவிட்டாலும் 5 சதவீதம். தந்தை செய்த வியாபாரத்துக்குப் பொருந்திய வழக்கம், அதே தோப்பின் காயை எண்ணெயாக்கி விற்கும் மகனுக்குப் பொருந்தாது.

அடுத்தது காம்போசிஷன் எனப்படும் தொகுப்பு வரித் திட்டம். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ள உற்பத்தியாளரும் வணிகரும் விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் கட்டினால் போதும். இதற்கு ஈடாக அவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கத் தடையில்லை.

இப்போது நம் இளைஞரின் முன் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

1. செக்கு ஆனைமலையில், விற்பனை பாலக்காட்டில். 33இல் தொடங்கும் வழக்கமான பதிவு கட்டாயம். தொகுப்புத் திட்டம் கிடையாது. ஆனால் அவரிடம் வாங்கும் மளிகைக் கடைக்காரர்களும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களாக இருந்தால், அவர் போடும் 5 சதவீத வரியை அவர்கள் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். மொத்த விற்பனை மட்டுமே நோக்கம் என்றால் இதுவே நல்ல வழி, இடம்பெயரவே தேவையில்லை.

2. செக்கு கொழிஞ்சாம்பாறையில், விற்பனை கேரளத்துக்குள். 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். அதற்கு மேல் 1.5 கோடி வரை தொகுப்புத் திட்டம் திறந்திருக்கிறது. காங்கேயத்துக் கொப்பரையையோ ஆனைமலைத் தேங்காயையோ எல்லை தாண்டி வாங்கிக்கொள்ளலாம்.

3. செக்கு ஆனைமலையில், விற்பனைக் கிளை கொழிஞ்சாம்பாறையில். ஒரே மனிதர், ஒரே பான் எண் என்றாலும் சட்டம் இவற்றை இரு வேறு நபர்களாகவே பார்க்கிறது. தன் செக்கிலிருந்து தன் கடைக்கு 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள எண்ணெயை அனுப்பினாலும் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 10,000 ரூபாய் போட்டு பில் எழுத வேண்டும். அந்தத் தொகை கடையின் கணக்கில் வரவாகும் என்றாலும், எண்ணெய் விற்றுத் தீரும் வரை பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். தொகுப்புத் திட்டம் இதிலும் இல்லை. ஒரே பான் எண்ணில் ஒரு பதிவு வழக்கமானதாக இருந்தால் மற்றவையும் அப்படியே இருந்தாக வேண்டும்.

எதிலும் சேராமல் நடுவில் நிற்கும் மூன்றாவது வழியைத்தான் பலர் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்த முதலோடு தொடங்குபவருக்கு அது ஏற்றதல்ல.

"1 சதவீதம்தானே" என்று இரண்டாவது வழியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதும் தவறு. ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீடுகளுக்கு நேரடியாக விற்று மாதம் 4,20,000 ரூபாய் வருகிறது என்றும், 3,00,000 ரூபாய்க்குக் கொப்பரை வாங்கி அதற்கு 15,000 ரூபாய் வரி கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பாட்டில், பெட்டிச் செலவை விட்டுவிடுவோம்.

வழக்கமான பதிவில், 4,20,000இல் அடங்கிய வரி 20,000. கொப்பரைக்குக் கொடுத்த 15,000ஐக் கழித்து 5,000 கட்டுவார். ஆக மொத்தம் கையை விட்டுப் போகும் வரி 20,000. தொகுப்புத் திட்டத்தில் 1 சதவீதமாக 4,200 கட்டுவார். ஆனால் கொப்பரைக்குக் கொடுத்த 15,000 திரும்பாது. மொத்தம் 19,200. வித்தியாசம் மாதத்துக்கு வெறும் 800 ரூபாய்.

அதே இளைஞர் கொப்பரை வாங்காமல், தோப்பிலிருந்து தேங்காயாக வாங்கித் தானே களத்தில் உலர்த்தினால் கணக்கு தலைகீழாகிறது. தேங்காய்க்கு வரியில்லை என்பதால் கழித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வழக்கமான பதிவில் 20,000 முழுவதையும் கட்ட வேண்டும், தொகுப்புத் திட்டத்தில் 4,200 போதும். மாதத்துக்கு 15,800 ரூபாய் மிச்சம். ஒரு உதவியாளின் சம்பளத்துக்கு அருகில் வரும் தொகை இது. எந்தத் திட்டம் நல்லது என்ற கேள்விக்கு விடை வரி அலுவலகத்தில் இல்லை. காயாக வாங்குகிறாரா, கொப்பரையாக வாங்குகிறாரா என்பதில் இருக்கிறது.

இ-வே பில்லும் குட்டியானையும்

2018 ஏப்ரல் 1 முதல், வரி உட்பட 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக, இ-வே பில் எனப்படும் இணையவழிச் சரக்கு அனுப்புச் சீட்டு கட்டாயம். வரியையும் சேர்த்துத்தான் மதிப்பு என்பது கவனத்தில் இருக்க வேண்டும். 47,500 ரூபாய் எண்ணெய்க்கு 5 சதவீதம் சேர்த்தால் 49,875. இ-வே பில் வேண்டாம். 48,000 ரூபாய் எண்ணெய் 50,400 ஆகிவிடும், வேண்டும். இ-வே பில் இல்லாமல் பிடிபட்டால், சரக்கின் உரிமையாளர் முன்வந்து பொறுப்பேற்கும் நிலையில் வரியைப் போல் இருமடங்கு அபராதம். ஒரு லட்சம் ரூபாய் எண்ணெய்க்கு 10,000 ரூபாய். சாவடி போய்விட்டாலும் பறக்கும் படை இருக்கிறது. நெடுஞ்சாலையில் எங்கும் நிறுத்துவார்கள்.

வாகனத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. கொங்குப் பகுதியில் குட்டியானை என்று அழைக்கப்படும் சிறு வண்டிகள் இவ்வகையில் வரும். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டி 12 மாதங்களுக்கு மேல் கேரளத்திலேயே நின்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குச் சொந்த ஊர் ஆர்டிஓ அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும்.

நண்பர் பெயரில் பதிவு: மிகப் பெரிய இடர்

கேரளத்தில் தொழில் தொடங்கக் கேரள ஆதார் வேண்டும் என்ற தவறான எண்ணத்தால், அங்குள்ள நண்பர் அல்லது உறவினர் பெயரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலை மட்டும் தான் போடுவது எல்லைப் பகுதியில் வழக்கமாக இருக்கிறது. இதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். அந்த எண்ணமே தவறானது: தொழில்முனைவோரின் வீட்டு முகவரி ஆனைமலையாகவும், தொழில் நடக்கும் முகவரி கொழிஞ்சாம்பாறையாகவும் இருக்கலாம். வாடகைப் பத்திரமும், கட்டட உரிமையாளரின் வரி ரசீதோ மின் கட்டண ரசீதோ இருந்தால் ஜிஎஸ்டி பதிவுக்கு இடச் சான்று ஆகிவிடும்.

நண்பர் பெயரில் எடுத்தால் என்ன ஆகும்? ஜிஎஸ்டி எண் அவருடைய பான் எண்ணில் இருக்கும். நடப்புக் கணக்கும் உணவு உரிமமும் அவர் பெயரில். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கடன் அடைத்துச் சேர்த்த நற்பெயர் அவருடைய கடன் வரலாற்றில் ஏறும். கருத்து வேறுபாடு வந்த நாளில் நம் இளைஞரிடம் மிஞ்சுவது செக்கு வாங்கிய ரசீது மட்டும். சில வேளை அதுவும் இராது. சட்டத்தின் பார்வையில் அவர் அந்தத் தொழிலில் இருந்ததே இல்லை.

உண்மையிலேயே கூட்டாளி தேவை என்றால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, நிறுவனப் பதிவாளரிடம் பதிவும் செய்ய வேண்டும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள்மீது வழக்குத் தொடர முடியாது. கூட்டாளியும் தன் பங்கு உரிமையை நிலைநாட்டக் கூட்டாளிமீது வழக்குப் போட முடியாது. பத்திரம் எழுதுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இடம்: "நிலம்" என்ற சொல்லின் பொருள்

ஷெட் பார்க்கப் போகும்போது, கேரள வருவாய் ஆவணங்களின் மொழியைப் புரிந்துகொள்வது வாடகையைப் பேசுவதைவிட முக்கியம். தமிழில் நிலம் என்றால் பொதுவாக எந்த மனையும் வயலும் அடங்கும். கேரளப் பதிவேட்டில் "நிலம்" என்று எழுதியிருந்தால் அது நெல்வயல்; மேட்டு மனைக்கு "புரயிடம்" என்று எழுதுவார்கள். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நெல்வயலை வேறு பயனுக்கு மாற்றுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பாலக்காடு நெல் விளையும் மாவட்டம் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே அடிக்கடி எழும். பார்ப்பதற்கு மேடாகவும் காய்ந்தும் இருக்கும் இடம் தாளில் நிலமாக இருக்கக்கூடும். நெல்வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கில் அந்த இடம் இருக்கிறதா என்று கிராம அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பத்திரத்தில் கவனிக்க வேண்டிய வேறு சொற்களும் உண்டு. "ஒப்பு" என்றால் கையெழுத்து. "கரம்" என்றால் வரி. "அவகாசம்" என்றால் உரிமை. நம்மைப் போல் கால நீட்டிப்பு அல்ல. வாடகைப் பத்திரத்தில் உரிமையாளருக்கு இன்னின்ன அவகாசம் உண்டு என்று ஒருவர் வாசித்துக் காட்டும்போது, அவருக்குக் கூடுதல் நாள்கள் தரப்படுகின்றன என்று நினைத்து ஒப்புக்கொள்வது எளிது. மலையாளத்தைப் பேசப் பழகுவதற்குச் சில மாதங்கள் போதும். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்காதவர் கடைசி வரை இன்னொருவர் வாயை நம்பித்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

உரிமங்கள்

கேரளம் 2019இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான வசதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி தொழில்முனைவோர் சுய உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று பெற்றால், மாநிலச் சட்டங்களின் கீழான பல அனுமதிகள் இல்லாமலே மூன்று ஆண்டுகள் வரை தொழிலை நடத்தலாம். மாசு அதிகமான சிவப்பு வகைத் தொழில்களுக்கு இது பொருந்தாது. மேலே சொன்ன நெல்வயல் சட்டத்திலிருந்தும் விலக்கு இல்லை. கே-ஸ்விஃப்ட் என்ற இணைய வாயில் வழியாக விண்ணப்பிக்கலாம். பிறந்த மாநிலத்தை இது கேட்பதில்லை.

மத்தியச் சட்டங்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், எண்ணெய் ஆட்டுவதற்கு முன்பே எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அது மனிதருக்குத் தரும் உரிமம் அல்ல, இடத்துக்குத் தருவது. ஆனைமலைச் செக்குக்கு எடுத்த எண்ணைக் கொழிஞ்சாம்பாறைப் பாட்டிலில் அச்சிடக் கூடாது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக, பாத்திரத்தில் ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. ஊரில் தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிப் போகும் பழக்கத்தை அங்கே அப்படியே தொடர முடியாது. பாட்டிலில் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி ஆகியவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டம் நிறைவடையும். மலையாளம் கட்டாயமில்லை. ஆயினும் மலையாளத்தில் பெயர் இல்லாத தேங்காய் எண்ணெயைப் பாலக்காட்டு வீட்டுக்காரர் கையில் எடுக்கத் தயங்குவார்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படத்துக்காகத் தேங்காய் எண்ணெய் பிராண்டுகளைக் கொத்துக் கொத்தாகத் தடை செய்தது. பாலக்காட்டு எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்தில் பாலைச் சோதிப்பதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. ஓணக் காலத்தில் சோதனை இன்னும் இறுகும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உணவுப் பொருள் என்றாலே ஒரு சந்தேகம் அங்கே நிலவுகிறது. நேர்மையாகத் தொழில் செய்ய வரும் இளைஞர் பிறர் செய்த கலப்படத்தின் விலையையும் சேர்த்துச் சுமக்கிறார் என்பது வருத்தத்துக்குரியது. வாடிக்கையாளர் கண் முன்னே செக்கு ஓடுவது இந்தச் சந்தேகத்துக்குச் சிறந்த மருந்து. வீடுகளுக்கு நேரடியாக விற்பவருக்கு, செக்கைக் கொழிஞ்சாம்பாறையிலேயே போடும் இரண்டாவது வழியை நான் பரிந்துரைப்பதற்கு வரிக்கு அடுத்தபடியான காரணம் இதுவே.

இறக்குக் கூலி

1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஏற்றி இறக்கும் தொழில் முறைப்படுத்தப்பட்டுள்ளது. அச்சட்டத்தின் கீழான திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில், சரக்கை இறக்கும் உரிமை அந்தப் பகுதியில் பதிவு பெற்ற சுமட்டுக்காரர்களுக்கு, அதாவது சுமைத் தொழிலாளர்களுக்கு உரியது. காலை ஆறு மணிக்கு வண்டி வந்து நிற்கும். சொந்த ஆள் இருவர் மூட்டையைத் தொடும் முன்பே யூனியன்காரர் வந்து நிற்பார். இதை அடாவடி என்று எண்ணி வாக்குவாதத்தில் இறங்குபவர்கள், சட்டத்தின் எந்தப் பகுதி அவர் பக்கம், எந்தப் பகுதி தம் பக்கம் என்று அறியாமலே இறங்குகிறார்கள்.

அவர் உண்மையில் வேலை செய்தால், அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த கூலியைக் கேட்பது அவர் உரிமை. கூலிப் பட்டியலைக் காட்டச் சொல்வதும், ரசீது கேட்பதும் நம் உரிமை. வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் அரசால் தடை செய்யப்பட்டுள்ளது. சொந்த ஆட்களை நிரந்தரமாக வைத்து இறக்க விரும்பினால், அவர்களுக்குச் சுமைத் தொழிலாளர் விதிகளின் 26ஏ பிரிவின் கீழ் தொழிலாளர் துறை அலுவலரிடம் அட்டை வாங்க வேண்டும். ஆலை தொடங்கும் மாதத்திலேயே இதற்கு விண்ணப்பித்தவருக்குப் பின்னால் தகராறு குறைவு.

கடனும் பாக்கியும்

முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகளில் கடன் உண்டு. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 20 லட்சம் வரை நீட்டிப்பு 2024இல் வந்தது. தொழில் நடக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையை அணுகுவதே முறை. ஆனைமலைக் கிளையில் பல ஆண்டுக் கணக்கு இருப்பதால் அங்கேயே கேட்பவருக்கு, "ஆலை எங்கள் பகுதியில் இல்லையே" என்ற பதில்தான் கிடைக்கும். நடப்புக் கணக்கை ஆறு மாதம் முன்பே கேரளக் கிளையில் தொடங்கி வரவு செலவு காட்டியிருந்தால் பேச்சு எளிதாகும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் ஆதாரும் பானும் கொண்டு தானே எடுத்துக்கொள்ளலாம். அதன் உண்மையான பயன் பாக்கி வசூலிக்கும்போது தெரியும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உற்பத்தியாளரான சிறு தொழில்முனைவோருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. வழக்கை விசாரிக்கும் மன்றம், விற்றவர் இருக்கும் இடத்தைச் சேர்ந்தது. வாங்கியவர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. பாக்கிக்காக மாநிலம் மாநிலமாக அலைய வேண்டிய நிலை இதனால் இல்லாமல் போகிறது. ஆனால் வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யமில் தன்னை உற்பத்தியாளராகப் பதியாமல் வணிகர் என்று பதிந்துகொள்பவர், ஒரு தவறான தேர்வால் இதை இழக்கிறார்.

மனுவைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. மனு முறையீட்டுக்கு இது போதும். இணைய விண்ணப்பங்களும் உரிமப் படிவங்களும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலுமே இருப்பதால், அன்றாட வேலைக்கு மலையாள வாசிப்பு வேண்டும் என்ற முந்தைய கருத்து மாறாது.

ஆந்திர எல்லையில்

திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் கைமாறியது 1960 ஏப்ரல் 1 அன்று. நகரி, புத்தூர் விசைத்தறிப் பகுதியிலும், சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டித் தொழில் நகரத்தைச் சுற்றியும் தமிழர் தொழில்கள் உண்டு. ஜிஎஸ்டி, இ-வே பில், உத்யம், பாக்கி வசூல் ஆகியவை குறித்து மேலே சொன்னவை அனைத்தும் அங்கும் அப்படியே பொருந்தும். எண் மட்டும் 37இல் தொடங்கும். கேரளத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும், சுமைத் தொழிலாளர் சட்டமும், நெல்வயல் சட்டமும் அங்கே இல்லை. நில ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். தமிழ் எழுத்து தெரிந்தவருக்கு மலையாளத்தைவிடத் தெலுங்கு வாசிப்புக்கு அதிக உழைப்பு தேவைப்படும்.

சொந்த ஊருக்கே விற்க நினைக்கும் நாள்

கொழிஞ்சாம்பாறைச் செக்கு நன்றாக ஓடி, தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் பொள்ளாச்சிக் கடை ஒன்று "எங்களுக்கும் மாதம் 50 டின் அனுப்புங்கள்" என்று கேட்கும். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் முதல் டின் எல்லை தாண்டும் அன்றே தொகுப்புத் திட்டத் தகுதி முடிந்துவிடும். அன்றிலிருந்து 7 நாள்களுக்குள் அதை இணையத்தில் தெரிவித்து, வழக்கமான பதிவுக்கு மாற வேண்டும். கையிருப்பில் உள்ள கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் கட்டிய வரியைக் கணக்கில் எடுக்க 30 நாள்களுக்குள் இருப்புப் பட்டியல் தர வேண்டும். எனவே ஆர்டரை ஏற்கும் முன், கொப்பரை வாங்கிய பில்களை எடுத்துவைத்து, இருப்பை எண்ணி, மாதக் கடைசி நாளாகப் பார்த்து முதல் வண்டியை அனுப்புவது கணக்கை எளிதாக்கும்.